மூன்று வீட்டுக்கு ஒரு மயில்கழுத்துப் புடவை

யுத்த காலத்தில் பம்பாய் மாதுங்காவில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஒன்றரை அறை. அரை அறையில் சமையல். முழு அறையில் நான், என் கணவர், என் கல்யாணச் சீர் பாத்திரங்கள். ராத்திரி பாய் விரிக்க வேண்டுமானால் பெரிய வெண்கலப் பானையைக் கதவோரம் நகர்த்த வேண்டும். காலையில் அதைத் திரும்ப நகர்த்தினால்தான் பால்காரனுக்குக் கதவு திறக்க முடியும். அந்தப் பானையில் ஊருக்கே சமைக்கலாம். நாங்கள் இரண்டு பேர்.

கணவர் கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. நல்லவர். கேட்டால் கொடுப்பார். கேட்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். சம்பளம் அவர் சட்டைப் பையில் இருக்கும். கொத்தமல்லிக்குக் காலணா கேட்டாலும் "எதுக்கு?" என்பார். சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, தும்மல் வருவது போல அது தானாக வரும். கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹோட்டலின் மாடியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அங்கிருந்து கேட்கும் தடதட சத்தத்தில் நின்றுவிடுவேன். கற்றுக்கொள்கிறேன் என்று ஒரு நாள் கேட்டேன். வழக்கமான "எதுக்கு?" வந்தது. ஆசையாக இருக்கிறது என்பதை ஒரு பதிலாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

எதிர் வீட்டுக்காரிக்கும் மாடி வீட்டுக்காரிக்கும் இதே கதைதான். மூன்று பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வரிசையில் நின்று பழக்கமானவர்கள். இருந்தாலும் முறை விடாமல் ஒருவரையொருவர் 'மாமி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எதிர் வீட்டு மாமி ஒல்லி, பயந்த சுபாவம். மாடி வீட்டு மாமி நல்ல பருமன். பயம் என்பது அவர் பக்கத்தில் வந்ததே இல்லை.

அவர்தான் ஆரம்பித்து வைத்தார். என் பானையைப் பார்த்துவிட்டு, "இது எங்காத்துலயும் இருக்கு. எதிராத்துலயும் இருக்கு. வருஷத்துக்கு எத்தனை தரம் அடுப்புல ஏத்தறேள்?" என்றார்.

"ஏத்தினதே இல்லை."

"அப்போ மூணு வீட்டுக்கும் சேர்த்து ஒண்ணு போறுமே."

யுத்தத்தினால் பித்தளை, வெண்கலத்துக்கெல்லாம் விலை ஏறியிருந்த சமயம். ஒரு மத்தியானம், மூன்று கணவர்களும் ஆபீஸ் போன பிறகு, பாத்திரக்காரனைக் கூப்பிட்டோம். இரண்டு பானைகளும் வேறு சில உருப்படிகளும் போயின. பெரிய அண்டா எதிர் வீட்டில், முறுக்கு அச்சும் அப்பக் காரையும் மாடியில், மீந்த பானை மட்டும் எங்கள் வீட்டில் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். என் கணவர் அன்று மாலை வந்தார், சட்டையைக் கழற்றினார், சுற்றிப் பார்த்தார். "என்னவோ இன்னிக்கு ஆத்துல காத்து நன்னா வரது" என்றார். ஏன் வருகிறது என்று கேட்கவில்லை.

யாரும் கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல் கைக்கு வந்த முதல் பணம் அது. இரண்டு நாள் அதைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தேன். மூன்றாம் நாள் டைப்ரைட்டிங் மாடிக்குப் போய் ஒரு மாதச் சம்பளம் கட்டிவிட்டு வந்தேன். வகுப்பு மத்தியானத்தில். கணவர் வரும் நேரத்தில் நான் அடுப்படியில் இருப்பேன். ஒரு மாதம் முடிந்ததும் பணமும் முடிந்தது. அதற்குள் எனக்குப் பார்க்காமல் அடிக்க வந்திருந்தது. பாதியில் விட மனசில்லை.

அப்போது தீபாவளி வந்தது.

தீபாவளிப் பட்டுப் புடவைக்கு மட்டும் மூன்று வீட்டிலும் "எதுக்கு?" கிடையாது. ரயில்வேயில் பெரிய குமாஸ்தாவான மாடி வீட்டுக்காரர் மனைவியிடம் தாராளமாகவே கொடுத்திருந்தார். என் கணவர் கொடுத்தது நடுத்தரம். எதிர் வீட்டுக்காரர் கொடுத்தது அதைவிடச் சற்றுக் குறைவு. பணத்தை வைத்துக்கொண்டு மூன்று பேரும் மாடி வீட்டில் உட்கார்ந்தோம். யாரும் கடைக்குக் கிளம்பவில்லை.

"போன வருஷப் பட்டை எத்தனை தரம் கட்டிண்டேள்?" என்று கேட்டார் மாடி வீட்டு மாமி.

எதிர் வீட்டு மாமிக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. "பானை வேற, புடவை வேற மாமி. தீபாவளி அன்னிக்கு மூணு பேரும் கட்டிண்டாகணுமே."

"ஒரே நேரத்துல கட்டிக்கணும்னு யார் சொன்னா?"

"ஒருத்தர் கட்டினதை இன்னொருத்தர் கட்டிக்கலாமா? மடி, விழுப்பு…"

"பட்டுக்குத்தான் விழுப்பே கிடையாதே" என்றேன் நான். பட்டை நனைக்க வேண்டாம், உதறிக் கட்டிக்கொண்டாலே மடி என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் எங்களை மனதில் வைத்துக்கொண்டு சொல்லவில்லைதான். ஆனாலும் உபயோகமாக இருந்தது.

ஒன்பது கஜம் வாங்குவது என்று தீர்மானித்தோம். ஆறு கஜமென்றால் ஒல்லிக்கும் பருமனுக்கும் வித்தியாசம் தெரியும், ஒன்பது கஜம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். விலையை மூன்றாகப் பிரித்துப் போடுவது, மீதி அவரவருக்கு.

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஒரே அறையில் பட்டுக் கடை வைத்திருந்தார். காலையில் போய் மத்தியானம் வரை அவர் கடையையே தரையில் இறக்கினோம். மூன்று பேருக்கும் பிடித்த நிறம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, மயில்கழுத்து. ஒரு பக்கம் திரும்பினால் நீலம், மறு பக்கம் திரும்பினால் பச்சை. கடைக்காரர் அதை மடித்துக் காகிதத்தில் சுற்றிவிட்டு, மற்ற இரண்டு பேரும் என்ன எடுக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தார். நாங்கள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம்.

தீபாவளி அன்று எங்கள் மாடிப்படி பட்ட பாட்டை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மாடி வீட்டுக்காரர் விடிவதற்கு வெகு முன்னால் எழுந்து கங்கா ஸ்நானம் செய்பவர். ஆகவே முதல் முறை அவர் மனைவிக்கு. மாமி புடவைக்கு மஞ்சள் தடவிக் கட்டிக்கொண்டு, கணவரை நமஸ்காரம் செய்து, அவர் சுவாமி அறைக்குள் நுழைந்ததும் அவிழ்த்து ஒரு பிரம்புக் கூடையில் போட்டு, மேலே முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு கீழே இறங்குவார். தீபாவளிக்குப் பட்சணம் கொண்டு போவதை யார் தடுக்கப் போகிறார்கள்? எதிர் வீட்டில் இரண்டாம் முறை. கடைசியில் எனக்கு. என் கணவரை எழுப்பி எண்ணெய் தேய்க்க வைப்பதற்குள் ஊர் வெடித்து முடித்திருக்கும், அது எங்கள் அதிர்ஷ்டம்.

எதிர் வீட்டு மாமி கூடையோடு வெளியே வந்தபோது அவர் கணவர் பின்னாலேயே வந்து, "என்ன பட்சணம், பார்ப்போம்" என்று தட்டைத் தூக்கப் போனார். இந்தப் பக்கம் கதவிடுக்கில் பழைய புடவையோடு நின்றுகொண்டிருந்த நான் கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டேன். அந்தப் பயந்த பெண்ணுக்கு அந்த நிமிஷத்தில் எங்கிருந்து வந்ததோ, "பல்லைத் தேய்ச்சேளா?" என்றாள். அவர் உள்ளே போய்விட்டார்.

நான் கட்டிக்கொண்டு போய் நின்றேன். என் கணவர் தூக்கக் கலக்கத்தோடு பார்த்தார்.

"நன்னா இருக்கு. ஏன் ஓரத்துல மூணு இடத்துல மஞ்சள்?"

வீட்டுக்கு ஒன்றாக நாங்கள் தடவியது. "லட்சுமி, சரஸ்வதி, பார்வதி" என்றேன்.

"சரிதான்" என்றார் அவர், பக்தியோடு.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் அடுத்த மாதங்களுக்கான சம்பளத்தை மொத்தமாகக் கட்டினேன். எதிர் வீட்டு மாமி பழைய தையல் மிஷின் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்து வைத்தாள். மாடி வீட்டு மாமி பணத்தை என்ன செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கப்படாமல் இருப்பதற்காகத்தானே அவ்வளவு பாடும்.

தீபாவளி கழிந்து ஒரு வாரம் இருக்கும். மூன்று கணவர்களும் ஒரே ரயிலில் வந்தார்கள், வரும்போதே தீர்மானம் செய்துகொண்டு வந்தார்கள். சனிக்கிழமை சபாவில் கச்சேரி, மூன்று குடும்பமும் சேர்ந்து போக வேண்டும். "தீபாவளிப் புடவையைக் கட்டிக்கோ. அன்னிக்குக் காலம்பற அஞ்சு நிமிஷம் பார்த்ததுதான்" என்றார் என் கணவர். மற்ற இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய இதே வார்த்தைகள்.

மறுநாள் குழாயடியில் கூடினோம். எதிர் வீட்டு மாமி அழும் நிலையில் இருந்தாள். மாடி வீட்டு மாமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நான் சனிக்கிழமை காலம்பற தூரமாயிடறேன்" என்றார்.

அதைவிட உத்தமமான வழி கிடையாது. வீட்டுக்கு விலக்கு என்று ஒரு பெண் சொன்னால் எந்தக் கணவரும் விவரம் கேட்க மாட்டார். மூன்று நாள் பால்கனி மூலையில் உட்கார்ந்துகொள்ளலாம். அடுப்படிப் பக்கம் போக வேண்டாம், அவர் சமைத்துத் தட்டை நகர்த்துவார்.

"நானும்" என்றாள் எதிர் வீட்டு மாமி, உடனே தேறி.

"அப்போ புடவை எனக்கா?" என்றேன்.

"உங்களுக்குத்தானே பாட்டு பிடிக்கும்? எனக்கு மூணு நாள் ரசம் வைக்காம இருந்தாலே கச்சேரி கேட்ட மாதிரிதான்" என்றார் மாடி வீட்டு மாமி.

அப்படியாக, சனிக்கிழமை சாயங்காலம் மயில்கழுத்துப் புடவையில் நான் ஒருத்தி, எனக்கு முன்னால் மூன்று ஆண்கள் என்று சபாவுக்குப் போனோம். இரண்டு பேர் விரல்களில் சுட்ட காயம். ஒருவர் காலையில் சாம்பார் வைத்திருந்தார், மற்றவர் வைக்க முயன்றிருந்தார். கச்சேரி நன்றாக இருந்தது. ஆபத்து திரும்பி வரும்போதுதான் வந்தது. எதிர் வீட்டுக்காரர் தெருவிளக்கடியில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"மாமி கட்டிண்டிருக்கற மாதிரியே எங்காத்துலயும் ஒண்ணு இருக்கு" என்றார் என் கணவரிடம்.

"எங்காத்துலயும் இருக்கே" என்றார் மாடி வீட்டுக்காரர்.

நாலடி நடந்தார்கள். பிறகு மாடி வீட்டுக்காரர் கேட்டார். "நீங்க எவ்வளவு கொடுத்தேள்?"

மூன்று பேரும் மூன்று தொகை சொன்னார்கள். மாடி வீட்டுக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "ஒரே புடவைக்கு அந்தத் திருநெல்வேலிக்காரன் ஆளைப் பார்த்து விலை சொல்லியிருக்கான். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? மூணு பேருமாப் போய்க் கேட்டுடுவோம்."

என் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். குளிர் ஒன்றும் இல்லை.

மறுநாள் இரண்டு மாமிகளும் பால்கனி மூலையை விட்டு நகர முடியாது. வாரப் பத்திரிகையைத் தாழ்த்திக்கொண்டு மாடி வீட்டு மாமி மேலேயிருந்து என்னைப் பார்த்த பார்வையிலேயே, நான்தான் முந்திக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கணவர்கள் அங்கவஸ்திரத்தை உதறிப் போட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். கறிவேப்பிலை வாங்கவேண்டும் என்று காற்றிடம் சொல்லிவிட்டு நானும் புறப்பட்டேன். அவர்கள் எனக்கு முன்னால் போனார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று குமாஸ்தாக்கள் கிங்ஸ் சர்க்கிள் காபி ஹோட்டல்களைத் தாண்டிப் போக மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதுவும் தன் கையால் போட்ட காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கும் இரண்டு பேர் நிச்சயம் தாண்ட மாட்டார்கள். அவர்கள் ஹோட்டலுக்குள் ஏறியதும் நான் எதிர்ச்சாரியில் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கடையில் நுழைந்தேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "வாங்கம்மா. மூணு பேரும் சேந்து வந்து கடையப் பொரட்டிப் போட்டுட்டு ஒத்தச் சேலை எடுத்துட்டுப் போனீயளே. மறக்குமா?"

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டேன். பானையிலிருந்து தொடங்கி, பால்கனி வரைக்கும். அவர் சிரிக்காமல் கேட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது அவர் தொப்பையில் தெரிந்தது.

"பொய் மட்டும் சொல்ல மாட்டேன்மா. வியாபாரத்துல நாலு பேரு முகத்துல முழிக்கணும்" என்றார்.

"பொய் வேண்டாம். உண்மையும் பூரா வேண்டாம்."

"சரி. அந்தத் துணித் திரைக்கு அங்கிட்டுப் போயி உக்காருங்க. தும்மிராதீய."

பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மூன்று பேரும் காபி வாசனையோடு படியேறினார்கள்.

"வாங்க சாமி. என்ன எடுக்கணும்?"

"எடுக்க வரலை. கேக்க வந்திருக்கோம்" என்றார் மாடி வீட்டுக்காரர். "ஒரே மாதிரிப் புடவையை எங்க மூணு பேருக்கும் மூணு விலைக்கு வித்திருக்கேளே, இது நியாயமா?"

"எந்தச் சேலைன்னு சொல்லுங்க. என்ன நெறம்?"

"பச்சை" என்றார் மாடி வீட்டுக்காரர்.

"நீலம்னா அது" என்றார் எதிர் வீட்டுக்காரர்.

"எங்காத்துல இருக்கறது பச்சை. குத்துவிளக்கு பக்கத்துல நின்னா. நான் பார்க்கலையா?"

என் கணவர் யோசித்தார். அவர் மெதுவாக, "எங்காத்துது ஒரு மாதிரி ஊதா" என்றார்.

"கரை?" என்றார் கடைக்காரர்.

ஒருவர் கோபுரம் என்றார். ஒருவர் கட்டம் என்றார். என் கணவர், "கரை இருந்ததா என்ன?" என்று மற்றவர்களைக் கேட்டார்.

"ஆனா நேத்திக்குப் பார்த்தோமே, இவராத்து மாமி கட்டிண்டிருந்தாளே" என்று எதிர் வீட்டுக்காரர் தயங்கினார்.

"தெருவெளக்குல பட்டு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும் சாமி. இங்கன பாருங்க, உங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். இந்தத் தீவாளிக்கு ஒரே மாதிரி ரெண்டு சேலை நான் யாருக்கும் விக்கல. உங்க வீட்டம்மா எடுத்த சேலைக்கு ஜோடி இந்தப் பம்பாயிலயே கெடையாது. இத எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

ஒரு எழுத்துப் பொய் இல்லை. மூன்று பேரும் அதைத் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். பெண்டாட்டி பம்பாயிலேயே இல்லாத புடவையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றால் எந்த ஆணுக்குத்தான் மார்பு விரியாது? மாடி வீட்டுக்காரர் மற்ற இருவரையும் கொஞ்சம் பரிதாபமாகக்கூடப் பார்த்தார். தான் அதிகம் கொடுத்ததற்குக் காரணம் இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு வெறுங்கையோட போவலாமா?" என்று கடைக்காரர் ஜரிகை அங்கவஸ்திரங்களை எடுத்து விரித்தார். கால் மணியில் மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். மூன்றும் ஒரே நெசவு, ஒரே கரை, ஒரே விலை. அவர்கள் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. ஒன்று போதும் என்று அந்த மூன்று தலைகளில் ஒன்றுக்காவது தோன்றவும் இல்லை.

திரையை விலக்கிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் கல்லாவை மூடிவிட்டு அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். "அடுத்த தீவாளிக்கு வாங்கம்மா. ஆனா ஒரு சேலைக்கு மூணு பேரு வந்தா எனக்குக் கட்டுபடியாவாது" என்றார்.

இரண்டு வருஷம் டைப்ரைட்டிங் கற்றேன், கீழ்ப் பரீட்சையும் மேல் பரீட்சையும் பாஸ் செய்தேன். ரேஷன் ஆபீசில் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பம் போட்டேன். வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் வீட்டில் சொல்லாமல் முடியாது. ஒரு மாலை, அவர் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"டைப்பிங் எப்போ கத்துண்டே?"

"மத்தியானத்துல."

"பணம்?"

முதல் தடவையாக "எதுக்கு" போய், "எங்கேருந்து" வந்திருந்தது. சொன்னேன். அவர் டவராவைக் கீழே வைத்தார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

"அப்போ மாடியாத்துப் பச்சை?"

"அதுதான்."

"எதிராத்து நீலம்?"

"அதுவும் அதுதான்."

அவருக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவா ரெண்டு பேருக்கும் இது தெரியுமோ?" என்றார். தெரியாது என்றேன். "தெரிய வேண்டாம், பாவம்" என்றார். மூன்று பேரில் தான் ஒருவனே விஷயம் தெரிந்தவன் என்பதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தில் என் வேலைக்கு ஆட்சேபம் சொல்ல மறந்துவிட்டார்.

தையல் மிஷின் வீட்டுக்கு வந்தபோது எதிர் வீட்டுக்காரருக்கும் கதை தெரிந்தது. மாடி வீட்டு மாமி எப்போது சொன்னார் என்று தெரியாது. ஆனால் அவர் கணவருக்கும் தெரிந்தது. மூன்று பேரும் தனித்தனியே தன் மனைவியிடம், "மத்தவாளுக்குத் தெரிய வேண்டாம்" என்று சத்தியம் வாங்கினார்கள். அப்புறம் பல வருஷம் அவர்கள் ஒரே ரயிலில் போய் வந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு.

எனக்கு வேலை கிடைத்த பிறகு வந்த முதல் தீபாவளிக்கு என் கணவர் புடவைப் பணத்தை எடுத்து நீட்டினார். நான் கையில் வாங்கிய பிறகும் நகராமல் நின்றார்.

"இதுல எவ்வளவு மிஞ்சும்?" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டேன்.